டிஃப்பைப் படிப்பது யார்? தமிழ்ச் சொற்பிழைத் திருத்தி ஒன்றுக்கு ரிவ்யூ மென்பொருள் தேர்ந்தெடுத்த விவரம்

ஹன்ஸ்பெல் என்ற சொற்பிழைத் திருத்தும் மென்பொருளுக்கான தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றைச் சென்னைத் தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து பராமரிக்கிறார்கள். லிபர்ஆபிஸில் தட்டச்சு செய்யும்போது பிழையான சொல்லுக்கு அடியில் சிவப்பு நெளிகோடு விழுகிறதே, அந்தக் கோட்டைப் போடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் சரக்கு இது. நிரல் பக்கம் ஏழெட்டுப் பேர். பெரும்பாலும் ஓஎம்ஆர் அலுவலகங்களில் வேலை பார்த்துவிட்டு, இரவிலும் வார இறுதியிலும் இதைத் தொடுகிறவர்கள். நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். மொழிப் பக்கம் ஒரே ஒருவர்: மேற்கு மாம்பலத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்களுக்கு அவர் தமிழய்யா. திட்டத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

ஒருவர் செய்த மாற்றத்தைச் சேர்ப்பதற்கு முன் மற்றவர்கள் படித்துப் பார்க்க உதவும் ரிவ்யூ மென்பொருள் எதை வைத்துக்கொள்வது என்ற பேச்சு இங்கே வெகுநாளாக இருந்தது. எது நவீனம், எது சுதந்திரம், எது வேகம் என்றெல்லாம் வாதம் நடக்கும், தேநீர் ஆறும், கலைவோம். ஒரு வெளியீடு கெட்டுப்போன பிறகுதான் கேள்வியே வேறு என்பது தெரிந்தது.

ஒரு வரி மாற்றம்

ஹன்ஸ்பெல் ஹங்கேரி மொழியை மனதில் வைத்து உருவானது. ஒரு கோப்பில் வேர்ச்சொற்கள் இருக்கும். இன்னொரு கோப்பில் விகுதி விதிகள் இருக்கும். வேர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கொடி போட்டால், அந்தக் கொடிக்கு உரிய விதிகள் எல்லாம் அந்தச் சொல்லுக்குப் பொருந்தும். தமிழ் போல விகுதி மேல் விகுதி அடுக்கும் மொழிக்கு இது தோதானது. ஆனால் ஹன்ஸ்பெல் இரண்டு அடுக்கைத்தான் பிரித்துப் பார்க்கும். ‘வீடுகளிலிருந்துதான்’ என்று நாம் அடுக்கிக்கொண்டே போவோம். அதனால் பல விகுதிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே விதியாக எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. விளைவு, விதிக் கோப்பில் ஒரு வரியைத் தொட்டால் ஆயிரக்கணக்கான சொல்வடிவங்கள் மாறும்.

‘ம்’ என்று முடியும் பெயர்ச்சொற்களுக்கு எங்களிடம் ஒரே கொடி. மரம் மரத்தை ஆகும், குளம் குளத்தை ஆகும். அத்துச் சாரியை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அது ‘அம்’ என்று முடியும் சொல்லுக்கு மட்டும். அதற்காக விதியில் ஒரு நிபந்தனை இருந்தது: ‘ம்’-க்கு முந்தைய எழுத்தில் உயிர்க்குறியோ புள்ளியோ இருக்கக் கூடாது. குறிகளை எல்லாம் வரிசையாக அடைப்புக்குள் எழுதிய அந்த நிபந்தனை நீளமாக, பார்க்க அசிங்கமாக இருந்தது. புதிதாக வந்த ஒருவர் அதைச் சுருக்கி, ‘ம்’ என்று முடிந்தால் போதும் என்று ஆக்கினார். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் டிஃப்பில் சிவப்பில் ஒரு வரி, பச்சையில் ஒரு வரி. இரண்டு பேர் பார்த்தார்கள், நன்றாகத்தான் சுருக்கியிருக்கிறார் என்று சொல்லி மெர்ஜ் செய்தார்கள், அதாவது திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

அந்த வெளியீட்டில் ‘டீத்தை’ சரியான தமிழ்ச் சொல். ‘ஃபிலித்தை’யும் ‘கிராத்தை’யும்கூட. டீம், ஃபிலிம், கிராம் மூன்றும் ‘ம்’ என்றுதானே முடிகின்றன.

ரிவ்யூ நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. நடந்தது. பார்த்தவர்கள் பொறுப்பில்லாதவர்களும் அல்ல. பார்க்க வேண்டியது திரையில் இல்லை, அவ்வளவுதான். விதியின் வரியைப் படித்து அதன் விளைவைச் சொல்வது, சமையல் குறிப்பை வாசித்துவிட்டு உப்பு சரியா என்று சொல்வது மாதிரி. விளைவைப் பார்த்ததும் சொல்லக்கூடிய ஒரே ஆள் தமிழய்யா. அவருக்கு அந்த டிஃப் போகவே இல்லை. அதுவரை அவருக்குப் போனதெல்லாம் புதிய வேர்ச்சொல் பட்டியல்கள்தான், அதுவும் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட்டாக. அவர் குரல்பதிவில் பதில் சொல்வார், யாராவது ஒருவர் கேட்டுத் திருத்துவார். எந்தச் சொல்லை ஏன் விலக்கினோம் என்பது இன்று யாருடைய போனில் இருக்கிறதோ தெரியாது.

சந்தையில் இருந்தவை

நிரல் குறியீட்டை இன்னொருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்ற வழக்கத்தை முறைப்படுத்தியவர் ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன்; அவர் கட்டுரை வந்தது 1976-இல். அப்போது அது ஒரு கூட்டம்: அச்சிட்ட தாள், மேசை, ஆளுக்கொரு பாத்திரம். இன்று நாம் ரிவ்யூ மென்பொருள் என்று சொல்வது அந்தக் கூட்டத்தைக் கலைத்து, அவரவர் நேரத்தில் படிக்க வைத்த ஏற்பாடு. அதிலேயே இரண்டு குடும்பங்கள் உண்டு.

முதல் குடும்பம் கெரிட். கூகுளில் பைத்தானின் தந்தை கைடோ வான் ராசம் மாண்ட்ரியன் என்ற உள் கருவியை எழுதினார். அதன் கட்டற்ற வடிவமாக 2008-இல் ரீட்வெல்டை வெளியிட்டார். ஆண்ட்ராய்டுத் திட்டத்துக்காக அதிலிருந்து கிளைத்தது கெரிட். ஓவியர், வடிவமைப்பாளர் பெயர்களாக வைத்துக்கொண்டே போனது அந்தக் காலத்து ஆசை. இதில் ஒரு கமிட், அதாவது சேமித்த ஒரு பதிவு, என்பது ஒரு மாற்றம். திருத்தித் திரும்ப அனுப்பினால் அது புது மாற்றம் ஆகாது. கமிட் செய்தியில் இருக்கும் சேஞ்ச்-ஐடியை வைத்து, அதே மாற்றத்தின் அடுத்த பேட்ச்செட்டாக, அதாவது அடுத்த பதிப்பாகச் சேரும். இரண்டாம் பேட்ச்செட்டுக்கும் ஐந்தாம் பேட்ச்செட்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்று தனியாகக் கேட்டுப் பார்க்கலாம். மதிப்பெண் முறையும் கறாரானது: இரண்டு பேர் ஆளுக்கு +1 போட்டாலும் அது +2 ஆகாது; உரிமை உள்ளவர் -2 போட்டால் அந்த மாற்றம் நகராது. ஆண்ட்ராய்டு, குரோமியம், லிபர்ஆபிஸ், க்யூடி, ஓப்பன்ஸ்டேக் எல்லாம் இதில் ஓடுகின்றன.

இரண்டாவது குடும்பம் கிட்ஹப், கிட்லேப், கிட்டீ, ஃபோர்ஜெயோ. கிளை பிரித்து வேலை செய்து, இதை இழுத்துக்கொள்ளுங்கள் என்று கோரிக்கை (புல் ரிக்வெஸ்ட்) வைப்பது இந்த முறை. கல்லூரி முடித்து வரும் பிள்ளைகளுக்கு ரிவ்யூ என்றால் இதுதான். வேறு முறை உண்டு என்று சொன்னால் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

இவை தவிர ஃபேப்ரிகேட்டர் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஃபேஸ்புக்கில் பிறந்து 2011-இல் கட்டற்றதாக வெளியான இதன் பராமரிப்பு 2021 ஜூனில் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு ஃபோர்ஜ் என்ற பெயரில் ஒரு கிளை தொடர்கிறது. எல்எல்விஎம் திட்டம் பல ஆண்டு ரிவ்யூக்களை ஃபேப்ரிகேட்டரில் வைத்திருந்தது; 2023-இல் கிட்ஹப்புக்கு மாறியது. பிளெண்டரும் அதே ஆண்டு ஃபேப்ரிகேட்டரை விட்டு கிட்டீக்குப் போனது. கேடிஇ-யின் கதை இன்னும் நீளம்: ரிவ்யூ போர்டு, அப்புறம் ஃபேப்ரிகேட்டர், 2020-இல் கிட்லேப். எங்கள் கூட்டத்தில் இந்த வரலாற்றைச் சொன்னபோது ஒருவர், “அப்போ எதை எடுத்தாலும் பத்து வருஷத்துல மாத்தணும்” என்றார். மிகைப்படுத்தல் இல்லை. கருவி செத்தால் பழைய உரையாடல்கள் எங்கே போகும் என்ற கேள்வி அன்று எழுதிவைக்கப்பட்டது.

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கெரிட்டிடம் அழகான பதில் இருக்கிறது. 2019-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து ரிவ்யூக் குறிப்புகள், மதிப்பெண்கள் எல்லாம் தனித் தரவுத்தளத்தில் இல்லை. கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் களஞ்சியத்துக்குள்ளேயே இருக்கின்றன. களஞ்சியத்தை நகல் எடுத்தால் வரலாறும் கூடவே வரும். மற்றவர்கள் யாரும் இதை இவ்வளவு சுத்தமாகச் செய்யவில்லை என்பது என் கருத்து.

தமிழ் எழுத்து டிஃப்பில் படும் பாடு

ரிவ்யூக் கருவிகளை ஒப்பிடும் பட்டியல்கள் எல்லாம் ஆங்கிலக் குறியீட்டை வைத்து எழுதப்பட்டவை. எங்கள் களஞ்சியத்தில் பாதிக்கு மேல் தமிழ்ச் சொற்கள். அங்கே பிரச்சினைகள் வேறு.

ஔவையார், ஒளவையார். இந்த இரண்டையும் பாருங்கள். முதலாவதில் இருப்பது ‘ஔ’ என்ற ஒரே எழுத்து. இரண்டாவதில் ‘ஒ’வும் ‘ள’வும். பல எழுத்துருக்களில் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. கௌரவமும் அப்படித்தான், ‘கெள’ என்று அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? இன்னொரு வகை, ‘கொ’வின் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். யூனிகோடு இந்த இரண்டும் ஒன்றே என்கிறது, கிட் அப்படி நினைப்பதில்லை. அதனால் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு வரிகளைச் சிவப்பிலும் பச்சையிலும் காட்டி, மாறியிருக்கிறது என்று சாதிக்கும். இயல்பாக்கம் செய்தால், அதாவது எல்லாவற்றையும் ஒரே சேமிப்பு வடிவத்துக்குக் கொண்டுவந்தால், இந்த இரண்டாவது வகை தீரும். ‘ஔ’ விவகாரம் தீராது. யூனிகோடு கணக்கில் ‘ஒள’ என்பது வேறு இரண்டு எழுத்துகள். அதற்குத் தனிச் சோதனை எழுத வேண்டும். வருடிய புத்தகங்களிலிருந்து எழுத்துணரி மூலம் எடுத்த பட்டியலாக இருந்தால் தமிழ் எண்களும் உள்ளே புகுந்திருக்கும். ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் ஏழைக் குறிக்கும் ‘௭’, ‘உ’ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டைக் குறிக்கும் ‘௨’. பத்து முறை படித்தாலும் கண்ணில் படாது.

வரிக்குள் எது மாறியது என்று அடர்நிறத்தில் காட்டும் வசதி ஆங்கிலத்துக்கு அருமை. ‘கொள்’ என்பதை ‘கோள்’ ஆக்கினால், மாறியது உயிர்க்குறி மட்டும். அந்தக் குறி மெய்யெழுத்தின் இரண்டு பக்கமும் உட்காரும். கருவி எந்தப் பக்கத்துக்கு வண்ணம் பூசும்? உலாவிக்கு உலாவி ஒவ்வொரு விதமாக நடந்தது.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் இன்னொரு தொல்லை. ‘ரிக்‌ஷா’வில் ‘க்ஷ’ சேர்ந்துவிடாமல் இருக்க நடுவில் ஓர் இணைப்புத் தடை எழுத்தைப் போடுவது வழக்கம். அது முறையானது. அதே எழுத்து, இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய சொற்களின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்தால் குப்பை. கிட்டீயும் ஃபோர்ஜெயோவும் இப்படி மறைந்த எழுத்துகள் கோப்பில் இருந்தால் எச்சரிக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் எங்கே என்று காட்டும். எங்களுக்கு இது சின்ன வரம்.

வரிசைச் சண்டையையும் சொல்லியாக வேண்டும். யூனிகோடு எண் வரிசையில் ‘ந’வுக்கு அடுத்தே ‘ன’ வரும், ‘ர’வுக்கு அடுத்தே ‘ற’ வரும். அகராதி வரிசையில் ‘ழ, ள, ற, ன’ என்று அவை கடைசியில்தான். ஒருவர் தன் கணினியில் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் வரிசைப்படுத்தி அனுப்பியதில், நாலு சொல் சேர்த்த மாற்றம் கோப்பு முழுவதையும் புரட்டிப்போட்டதாகக் காட்டியது. தமிழில் பெயர் வைத்த கோப்புகளைக் கிட் வெறும் எண்களும் சாய்கோடுகளுமாகக் காட்டும், அதற்குக் ‘கோர்.கோட்பாத்’ அமைப்பை நிறுத்திவைத்தால் போதும், அது எளிது.

இதிலிருந்து ஒன்று தெளிவாயிற்று. இந்த வகைப் பிழைகளை எந்த மனிதரின் கண்ணிலும் காட்டக் கூடாது. ரிவ்யூவுக்கு முன்னாலேயே ஸ்கிரிப்ட் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இயல்பாக்கம், வரிசை, எண்-எழுத்துக் குழப்பம், வாலில் ஒட்டிய மறைஎழுத்து எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகவே தானியங்கிச் சோதனை ஓட்டாத கருவி, எவ்வளவு அழகாக டிஃப் காட்டினாலும், பட்டியலிலிருந்து வெளியே.

ஒரே மூன்று மாற்றங்கள், வெவ்வேறு இடங்கள்

சோதனைக்குப் பழைய வரலாற்றிலிருந்து மூன்று மாற்றங்களை எடுத்தோம். ஒன்று, ‘டீத்தை’ விதி. இரண்டாவது, பிழைகள் வேண்டுமென்றே கலந்த புதுச் சொற்பட்டியல். மூன்றாவது, பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்றின் பெரிய மராமத்து, பலமுறை திருத்தி அனுப்பியது. இவற்றைக் கெரிட்டிலும் கிட்ஹப்பிலும் ஃபோர்ஜெயோவிலும் போட்டு, அதே ஆட்கள் படித்தார்கள்.

நிரல் பக்கத்து ஆட்களுக்குக் கெரிட் பிடித்துவிட்டது. மூன்றாம் மாற்றத்தில் அதன் மேன்மை பளிச்சென்று தெரிந்தது. கிட்ஹப்பில் ரீபேஸ் செய்து (பழைய கமிட்டுகளைப் புது அடித்தளத்தின் மேல் மாற்றி எழுதி) மறுபடி அழுத்தித் தள்ளினால் பழைய குறிப்புகள் காலாவதி என்று சுருண்டுகொள்கின்றன. சொன்னதைச் செய்தாரா என்று பார்க்க மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. ஒரு திருத்தத்தின் இரண்டு பதிப்புகளை ஒப்பிட, கிட்டிலேயே 2018 முதல் இருக்கும் ‘ரேஞ்ச்-டிஃப்’ கட்டளையைச் சொந்தக் கணினியில் ஓட்டிச் சமாளிக்கலாம் என்றாலும், கெரிட்டில் அது கையருகில் இருக்கிறது. கூட்டம் கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துவிட்டது.

தமிழய்யா டேப்லெட்டில் கெரிட்டைத் திறந்தார். பேட்ச்செட்டுகள், மதிப்பெண்கள், கோப்புப் பட்டியல் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: “தம்பி, இதுல நான் எதைப் படிக்கணும்?” கிட்ஹப்பிலும் அதே கேள்வி. ஃபோர்ஜெயோவிலும் அதே.

அவருக்குப் படிக்க வேண்டியது டிஃப் அல்ல என்பதை ஒப்புக்கொண்ட பிறகு வேலை எளிதாகிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் வேர்ச்சொற்களையும் விதிகளையும் விரித்து, எல்லாச் சொல்வடிவங்களையும் உருவாக்கி ஒப்பிடும் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதப்பட்டது. அது இரண்டு பட்டியல் தரும்: இதுவரை பிழை என்று சொல்லி இனி சரி என்பவை ஒன்று; இதுவரை சரி என்று சொல்லி இனி பிழை என்பவை இன்னொன்று. வடிவங்கள் ஆயிரக்கணக்கில் வந்தால் ஈற்றெழுத்து வாரியாகக் குழுப் பிரித்து, குழுவுக்குச் சில சொற்களை மட்டும் காட்டும். எண்ணிக்கையில் சிறிய குழுக்கள் மேலே வரும், ஏனென்றால் விபரீதம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ‘டீத்தை’ மாற்றத்தை இதில் ஓட்டியபோது முதல் சில வரிகளிலேயே ‘ஃபிலித்தை’ வந்து நின்றது. தமிழய்யா வாய்விட்டுச் சிரித்தார். ரிவ்யூ முடிந்தது.

சிஸ்கோவில் ஸ்மார்ட்பேர் நிறுவனம் செய்த ஆய்வை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள்: ஒரு தடவைக்கு 200 முதல் 400 வரிகளுக்கு மேல் படித்தால் பிழை கண்டுபிடிக்கும் திறன் குறையும் என்பது. நிரலுக்கு அது நல்ல அளவுகோல். இங்கே ஒரு வரி மாற்றம்தான் ஆபத்தானது, ஆயிரம் வரிச் சொற்பட்டியல் அல்ல. வரியை எண்ணி வேலையை அளக்கும் எந்த வசதியும் எங்களுக்கு உதவவில்லை.

இப்போது தேவைப் பட்டியல் மாறியது. மாற்றம் வந்தவுடன் ஸ்கிரிப்ட் ஓடி, விளைவுப் பட்டியலை அங்கேயே குறிப்பாகப் போட வேண்டும். அந்தக் குறிப்பு மின்னஞ்சலில் தமிழய்யாவுக்குப் போக வேண்டும். அவர் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினால் அது மாற்றத்தின் கீழேயே வந்து சேர வேண்டும். விதிக் கோப்பும் சொற்கோப்பும் மொழிப் பக்கத்துச் சம்மதம் இல்லாமல் மெர்ஜ் ஆகக் கூடாது. கடைசியாக, நாளைக்கு வீடு மாற்றினால் சாமான்களை எடுத்துக்கொண்டு போக முடிய வேண்டும். பேட்ச்செட் ஒப்பீடு அழகாக இருக்க வேண்டும் என்பது பட்டியலின் கடைசிக்குப் போயிற்று. நிரலாளர்கள் கொஞ்சம் முகம் சுளித்தார்கள். சொந்தமாக ரேஞ்ச்-டிஃப் ஓட்டத் தெரிந்தவர்கள் அவர்கள்; விட்டுக்கொடுக்க முடிந்தவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

எங்கே ஓட வைப்பது

கிட்ஹப்பிடம் இவை ஏறக்குறைய எல்லாமே இருக்கின்றன, காசும் கேட்காது, மாணவர்கள் எல்லாரிடமும் கணக்கும் உண்டு. எதிர்த்தவர்கள் கொள்கை பேசினார்கள்: கட்டற்ற மென்பொருளைக் கட்டுள்ள மேடையில் வளர்ப்பதா என்று. அது ஒரு பக்கம் இருக்கட்டும். நடைமுறைக் காரணங்களும் இருந்தன. 2014 டிசம்பரில் இந்தியாவில் முடக்கச் சொன்ன 32 தளங்களின் பட்டியலில் கிட்ஹப்பும் இருந்தது. 2019-இல் அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளால் ஈரான், சிரியா, கிரிமியா நிரலாளர்களின் கணக்குகள் கட்டுப்படுத்தப்பட்டன. இவை நமக்கு நாளை நடக்கும் என்று நான் பயமுறுத்தவில்லை. உரையாடல் வரலாறு முழுவதும் அங்கே மட்டும் இருப்பது சரியில்லை, அவ்வளவே.

திறந்த கதவுக்கு விலையும் உண்டு. 2020 அக்டோபரில், பங்களிப்பவர்களுக்கு ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வில் தரும் டி-ஷர்ட்டுக்காக உலகம் முழுக்க அர்த்தமில்லாத புல் ரிக்வெஸ்ட்டுகள் கொட்டின. விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று நடத்தியவர்கள் இடையிலேயே விதியை மாற்ற வேண்டியிருந்தது. எங்களிடம் படிப்பவர் ஒருவர்; அனுப்புபவர்கள் பெருகினால் நன்மையா என்று அப்போதே யோசனை வந்தது.

கிட்லேப்பின் சொந்த மேடையில் வேறு சிக்கல். கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் இலவசச் சோதனை எந்திரங்களைச் சுரண்டியதால், 2021 மே முதல் புதிதாகச் சேரும் இலவசக் கணக்குகள் அவற்றைப் பயன்படுத்த வேண்டுமானால் கிட்லேப் கார்டு கேட்டது. குரோம்பேட்டையில் படிக்கும் இரண்டாமாண்டு மாணவியிடம் கிரெடிட் கார்டு கேட்டு ஒரு சொல் திருத்தம் வாங்க முடியுமா? கிட்லேப்பைச் சொந்த சர்வரில் நிறுவலாம். க்னோம், டெபியன் எல்லாம் அப்படித்தான் வைத்திருக்கின்றன. ஆனால் 4 ஜிபி ரேமாவது இல்லாமல் அது நிம்மதியாக மூச்சு விடாது. எங்கள் பட்ஜெட், ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டும் சின்ன விபிஎஸ், அதாவது வாடகை மெய்நிகர் சர்வர்.

வேளச்சேரியில் ஒருவர் தன் வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பைத் தருகிறேன் என்றார். மனசு பெரிது, இடம் பள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அந்தப் பகுதி நின்ற நிலையைப் பார்த்தவர்கள் அந்த யோசனைக்கு மேல் பேசவில்லை.

ஃபோர்ஜெயோ கோ மொழியில் எழுதப்பட்டது, ஒரே நிரல் கோப்பு, ராஸ்பெர்ரி பையில்கூட ஓடும். 2022-இல் கிட்டீயின் பெயரும் வர்த்தகக் குறியும் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனபோது அதிலிருந்து பிரிந்தது. பெர்லினில் இருக்கும் லாபநோக்கற்ற கோட்பெர்க்கும் இதைத்தான் ஓட்டுகிறது. மின்னஞ்சல் பதிலை உள்வாங்கும் வசதி, கோப்புவாரியாக உரிமையாளரை அழைக்கும் வசதி, வேறு தளத்துக்குத் தானே பிரதி தள்ளும் வசதி, கிட்ஹப் கணக்கை வைத்தே லாகின் செய்யும் வசதி நான்கும் உண்டு. கெரிட் விரும்பிகளுக்கு ஓர் ஆறுதல் பரிசும்: களஞ்சியத்தைத் தன் கணக்கில் நகல் எடுக்காமலே ‘refs/for’ என்று தொடங்கும் முகவரிக்கு நேரே தள்ளிப் புல் ரிக்வெஸ்ட் திறக்கலாம்.

முடிவு: விபிஎஸ்ஸில் ஃபோர்ஜெயோ. கிட்ஹப்பில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் பிரதி, கண்ணில் படுவதற்காக மட்டும். வாக்கெடுப்பு ஏகமனதானது அல்ல. கெரிட்டை விட மனமில்லாத இருவர் கடைசிவரை மாறவில்லை; நிரல் மட்டுமே உள்ள திட்டமாக இருந்திருந்தால் நானும் அவர்கள் பக்கம்தான் நின்றிருப்பேன்.

அப்புறம்

மாறிய பிறகு புதியவர்கள் வருகை குறைந்தது. இது உண்மை, மறைத்துப் பயனில்லை. கிட்ஹப் பிரதியில் வந்து புல் ரிக்வெஸ்ட் போட்டுவிட்டுப் பதில் வராமல் போகிறவர்கள் உண்டு. சரியான இடத்தைச் சுட்டித் தானாகப் பதில் போடும் ஏற்பாடு பிற்பாடுதான் வந்தது. வருகிறவர்களின் மாற்றங்கள் முன்பைவிட வேகமாக மெர்ஜ் ஆகின்றன. ஸ்கிரிப்ட் முதலில் திருப்பி அனுப்பிவிடுவதால், மனிதர் படிக்கும்போது மொழி மட்டுமே மிச்சம்.

தமிழய்யா டேப்லெட்டில் எதையும் திறப்பதில்லை. காலையில் மின்னஞ்சல், ஒரு வரிப் பதில். ‘நாள்களை’யா ‘நாட்களை’யா என்று அவர் எழுதிய நீண்ட பதில்கள் அந்தந்த மாற்றத்தின் கீழேயே இருக்கின்றன, அடுத்த முறை அதே சண்டை வந்தால் சுட்டி கொடுத்தால் போதும். மின்னஞ்சலில் ஒப்புதல் பொத்தான் கிடையாது என்பதால் அவர் ‘சரி’ என்று எழுதியதைப் பார்த்து மொழிக் குழுக் கணக்கிலிருந்து இன்னொருவர் ஒப்புதல் போடுகிறார். கொஞ்சம் கோணலான ஏற்பாடுதான். ஆனால் யார் எதைப் பார்த்துச் சரி என்றார் என்பது பதிவில் இருக்கிறது.

அவர் கோயம்புத்தூருக்குப் பேரன் வீட்டுக்குப் போயிருந்த சமயம் வரிசை அப்படியே தேங்கியது. கருவியால் தீராத பிரச்சினை அது. திருவல்லிக்கேணிப் பக்கம் தமிழ் முதுகலை படிக்கும் ஒரு மாணவி இப்போது இரண்டாவது வாசகர். கிட் என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, பட்டியல் மட்டும் போனது.

செயற்கை நுண்ணறிவு ரிவ்யூ பாட் ஒன்றைச் சேர்க்கலாமே என்று அவ்வப்போது கேட்கிறார்கள். பைத்தான் ஸ்கிரிப்ட்டுகளுக்கு வைத்துப் பார்த்தோம், சில நல்ல குறிப்புகள் தந்தது. சொற்கோப்புகளில் அது நம்பிக்கையோடு உளறியது. படிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் இத்தனை பாடும். உளறலையும் சேர்த்துப் படிக்க வைப்பதற்கு இல்லை. அதனால் அங்கே அணைத்து வைத்திருக்கிறோம்.

சொந்த சர்வரின் தொல்லைகள் எதிர்பார்த்தபடி வந்தன. விளம்பரக் கணக்குகள் பதிவாவதைத் தடுக்கப் புதுக் கணக்குகளுக்கு அனுமதி முறை வைக்க வேண்டியிருந்தது. ஏஐ நிறுவனங்களுக்குத் தரவு திரட்டும் தானியங்கி நிரல்கள் ஒவ்வொரு கமிட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மேய்ந்து சர்வரை மூச்சுத்திணற வைத்தன. க்னோமின் கிட்லேப்பே இதே தொல்லையால் அனுபிஸ் என்ற தடுப்பை முன்னால் நிறுத்தியது. நாங்களும் அதையே நிறுத்தினோம்.

இன்னும் ஒரு ஓட்டை பாக்கி இருந்தது. 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தில் யாரோ ரகசியமாக வைத்த பின்வாசல் கண்டுபிடிக்கப்பட்டபோது, அதைத் தூண்டிவிடும் துண்டு களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்காகக் கட்டிய தொகுப்பில் மட்டும் இருந்தது. அதாவது ரிவ்யூத் திரையில் அது வந்திருக்கவே வாய்ப்பில்லை. எங்கள் லிபர்ஆபிஸ் நீட்சிக் கோப்பும் அதுவரை ஒருவருடைய லேப்டாப்பில்தான் கட்டப்பட்டது. நல்ல மனிதர்தான், கேள்வி அதுவல்ல. இப்போது வெளியீட்டுக் குறி போட்டவுடன் சோதனை எந்திரமே நீட்சியைக் கட்டுகிறது. இரண்டாவது ஆள் ஒருவர் தன் கணினியில் தனியாகக் கட்டி, இரண்டு கோப்பின் ஹேஷும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) ஒன்றா என்று பார்த்த பிறகுதான் பதிவேற்றம். கோப்புகளின் நேர முத்திரையும் அடுக்கு வரிசையும் வேறுபட்டதால் முதலில் ஹேஷ் பொருந்தவே இல்லை. ஜிப் தொகுப்பில் அவற்றை நிலையாக்கிய பிறகு பொருந்துகிறது.